எழுவாயைத் தேடுங்கள்!

(திண்டுக்கல்லில் தமிழ்மன்றத்தின் திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

    

'மக்கள் போராட்டமும் அரசின் இணையப் பரப்புரையும்' என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு மன்றத்தார் பணித்துள்ளனர். நான் அரசியல் மேடைகளில் முழங்கிப் பழகியவனல்லன். இலக்கணம் கற்பித்து வாழ்பவன். ஆகவே, எனக்குத் தெரிந்த இலக்கணம் என்னும் அளவுகோலைக் கொண்டே இப்பொருளை அளந்து பார்க்க விரும்புகிறேன். அரசு பேசுவதும் சொற்றொடர்தானே! சொற்றொடர் என்றால் அதற்கு எழுவாய் உண்டு; பயனிலை உண்டு; செயப்படுபொருள் உண்டு. அவற்றுள் எதை அரசு சொல்கிறது, எதை விழுங்குகிறது என்று பார்த்தால் போதும். பரப்புரையின் அடிவேர் நம் கைக்கு அகப்பட்டுவிடும்.

மக்கள் தம் உரிமைக்காகத் தெருவில் இறங்கும்போது ஆள்வோர் மூன்று வினைகளை வரிசையாகச் செய்கின்றனர். முதலாவது, போராடுவோரின் பெயரை மாற்றுகின்றனர். நேற்றுவரை உழவன், மீனவன், மாணவன் என்றிருந்தவன் ஒரே இரவில் 'சமூக விரோதி' ஆகிவிடுகிறான். இரண்டாவது, அவன் வாயை அடைக்கின்றனர். இணையத்தை அறுக்கின்றனர்; அவன் எழுதும் பக்கத்தை மறைக்கின்றனர். மூன்றாவது, அவன் வாய் அடைபட்டதால் வெறுமையான இடத்தைத் தம் குரலாலும் தமக்கு வேண்டியவர் குரலாலும் நிரப்புகின்றனர். பெயர் சூட்டல், வாயடைத்தல், இடம் நிரப்பல் ஆகிய இம்மூன்றும் சேர்ந்ததே பரப்புரை. பொய் சொல்வது மட்டுமே பரப்புரை என்று எண்ணிவிடாதீர்கள். பொய் அதில் ஒரு சிறு பங்குதான்.

பழைய நோய்

இந்நோய் கைப்பேசியோடு பிறந்ததன்று. நாம் நிற்கும் இம்மண்ணிலேயே அதற்குச் சான்று உண்டு. விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கரை நீங்கள் அறிவீர்கள். வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் தந்தவர் அவர். பாளையக்காரர்களை ஒன்றுசேர்த்துத் திண்டுக்கல் கூட்டணியை அமைத்தவர் அவர். அவரை 1801ஆம் ஆண்டு வெள்ளையர் இத் திண்டுக்கல்லில் தூக்கிலிட்டனர். தம் மண்ணைத் தாமே ஆள நினைத்த அவருக்குக் கும்பினியார் தம் ஏடுகளில் எழுதிவைத்த பெயர் என்ன? 'கலகக்காரர்'. அயலான் வந்து நாட்டைப் பிடித்தான், அவன் 'அரசு'. உரியவன் எதிர்த்து நின்றான், அவன் 'கலகக்காரன்'. பெயர் சூட்டும் கலை அன்றே முற்றியிருந்தது.

அதே 1801ஆம் ஆண்டு சூன் 16ஆம் நாள் மருது பாண்டியரின் அறிக்கை திருச்சிக் கோட்டையிலும் திருவரங்கக் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. அவர்கள் கையில் அச்சுப்பொறி இல்லை, நாளிதழ் இல்லை. மக்கள் கூடும் இடத்து மதில்தான் அவர்களுக்கு ஊடகம். இன்று முகநூலில் 'சுவர்' என்கிறார்களே, அந்தச் சுவரின் முன்னோன் அந்த மதில்.

பின்னர் வந்தது 1965. சனவரித் திங்களில் மதுரையில் பற்றிய தீ தமிழ்நாடெங்கும் பரவியது. திண்டுக்கல் அன்று மதுரை மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். மாணவர் எழுந்தனர், தமிழுக்காகத் தீக்குளித்தனர், துமுக்கிக் குண்டுகளுக்கு இரையாயினர். அன்று வானொலி முழுவதும் நடுவணரசின் கையில் இருந்தது. சிற்றூரிலிருந்த மாந்தனுக்கு அரசின் குரலன்றி வேறு குரல் எளிதில் எட்டாது. தலைமையமைச்சர் இலால் பகதூர் சாத்திரி பிப்பிரவரி 11ஆம் நாள் வானொலியில் பேசியபோதுதான் அரசு இறங்கிவந்ததை நாடு அறிந்தது. இறந்தோர் எத்தனை பேர்? அரசுக் கணக்கு எழுபதை ஒட்டி நின்றது. மக்கள் கணக்கோ அதனினும் பன்மடங்கு. அரை நூற்றாண்டு கடந்தும் இவ்விரு கணக்குகளும் ஒன்றுபடவில்லை. ஏன்? எண்ணிப் பதிந்து வைக்கும் கருவி அன்று அரசிடம் இருந்தது, மக்களிடம் இல்லை. இந்தச் செய்தியை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். இன்று நம் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் அக்கருவி இருக்கிறது. இருந்தும் தோற்கிறோமா, வெல்கிறோமா என்பதே இன்றைய வினா.

தூத்துக்குடி

அன்பர்களே! இவ்வினாவுக்கு விடை காண நாம் தூத்துக்குடிக்குப் போக வேண்டும். தூத்துக்குடிக்கும் திண்டுக்கல்லுக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். நஞ்சுண்ட நிலத்தின் உறவு! நம் ஊரின் தோல் பதனிடும் ஆலைகள் நம் கிணறுகளை என்ன செய்தன என்பதைக் குடகனாற்றுப் படுகையில் வாழும் உழவரைக் கேளுங்கள். இந்திய உச்சநயன்மன்றம் 1996ஆம் ஆண்டு ஆகத்துத் திங்கள் 28ஆம் நாள் தமிழ்நாட்டுத் தோல் ஆலைகளின் கழிவைப்பற்றி வழங்கிய தீர்ப்பில், வேலூர்ப் பகுதியோடு நம் திண்டுக்கல் மாவட்டமும் இடம்பெற்றது. நீர் கெட்டால் வாழ்வு கெடும் என்பதை ஏட்டில் படித்து அறிந்தவரல்லர் நாம்; குடத்தில் மொண்டு அறிந்தவர்.

அதே பட்டறிவுதான் தூத்துக்குடி மக்களுக்கும். இசுடெர்லைட்டுச் செப்பு உருக்காலையின் நச்சுவளி 2013ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நகரத்து மக்களை மூச்சுத் திணற வைத்தது. அவ்வாண்டு ஏப்பிரல் 2ஆம் நாள், அவ்வாலை சூழலைக் கெடுத்தமைக்காக 100 கோடி உருபா செலுத்த வேண்டும் என்று உச்சநயன்மன்றம் தீர்த்தது. ஆயினும் ஆலையை மூடச் சொல்லவில்லை. பின்னர் ஆலையை விரிவாக்க முனைந்தனர். அதை எதிர்த்து 2018ஆம் ஆண்டு பிப்பிரவரியில் குமரெட்டியாபுரத்து மக்கள் மரத்தடியில் அமர்ந்தனர். நூறு நாள் அமர்ந்திருந்தனர். நூறாம் நாளாகிய மே 22 அன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் பேரணியாகச் சென்றனர். சென்றவருள் பெண்கள் இருந்தனர், முதியோர் இருந்தனர், பிள்ளைகள் இருந்தனர். அன்றும் மறுநாளுமாகக் காவல்துறை சுட்டது. 13 தமிழர் மாண்டனர்.

இனி, அரசு பேசியதைப் பாருங்கள். போராட்டத்துள் 'சமூக விரோதிகள்' புகுந்துவிட்டனர் என்றது. தாக்குவோரிடமிருந்து காத்துக்கொள்ளவே காவலர் சுட்டனர் என்று அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி விளக்கம் தந்தார். துமுக்கிச்சூட்டைத் தாமும் தொலைக்காட்சியைப் பார்த்தே தெரிந்துகொண்டதாகவும் சொன்னார். மே 30ஆம் நாள் புகழ்மிக்க திரைப்பட நடிகர் இரசினிகாந்து தூத்துக்குடிக்கு வந்து, அதே 'சமூக விரோதிகள்' கதையைத் தம் வாயாலும் சொன்னார். அரசு சொன்னால் ஐயுறுவோர்கூட, திரையில் கண்ட முகம் சொன்னால் தலையசைப்பர். இடம் நிரப்பல் என்று நான் சொன்னது இதைத்தான்.

விழுங்கப்பட்ட 'ஆல்' உருபு

இப்போது இலக்கணத்திற்கு வருகிறேன். 'துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது. 13 பேர் உயிரிழந்தனர்.' இத்தகைய தொடரை நாம் எத்தனை முறை கேட்டிருப்போம்! இதைக் கரும்பலகையில் எழுதி ஆராயுங்கள்.

'நடத்தப்பட்டது' என்பது செயப்பாட்டுவினை. செயப்பாட்டுவினையில் செய்தவனைச் சொல்ல வேண்டுமானால் மூன்றாம் வேற்றுமையின் 'ஆல்' உருபைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். 'காவலரால் நடத்தப்பட்டது' என்பதே நிறைவான தொடர். அந்த 'ஆல்' உருபை விழுங்கிவிட்டால் சுட்டவன் மறைந்துபோகிறான். சூடு மட்டும் நிற்கிறது. அடுத்து, 'உயிரிழந்தனர்'. இதில் எழுவாய் மாண்டவர்களே. பணத்தைத் தொலைத்தவனைப்போல அவர்களே தங்கள் உயிரைத் தொலைத்துவிட்டார்களாம்! இழந்தவர் தெரிகிறார், பறித்தவர் தெரியவில்லை. குடம் உடைந்தது என்றால் உடைத்தவன் தப்பிவிடுகிறான் அல்லவா? செய்தவனை விட்டுச் செயப்படுபொருளையே செய்ததாகக் கூறும் வழக்கு தமிழில் உண்டென்பதைத் தொல்காப்பியர் சொல்லதிகாரத்திலேயே குறித்திருக்கிறார். குடத்துக்கும் திண்ணைக்கும் அவ்வழக்குப் பொருந்தும். மாந்த உயிருக்கு அதைப் பொருத்துவது அறமாகுமா?

இன்னொன்றையும் நோக்குங்கள். இதே செய்தியில் எரிந்த ஊர்திகளைப்பற்றிச் சொல்லும்போது இலக்கணம் திடீரென்று மாறிவிடும். 'வன்முறையாளர்கள் ஊர்திகளுக்குத் தீ வைத்தனர்' என்று வரும். இங்கே செய்வினை! எழுவாய் முன்னே வந்து நிமிர்ந்து நிற்கிறது! ஊர்தியை எரித்ததற்கு எழுவாய் உண்டு. உயிரைப் பறித்ததற்கு எழுவாய் இல்லை. இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லாமல் இருக்கலாம். ஆனால் தொடர் முழுவதும் பொய். பரப்புரையின் முழுத் திறமும் இவ்விரு தொடர்களுக்கு இடையிலுள்ள வேறுபாட்டில் அடங்கிவிடுகிறது.

இது வெறும் புலமை விளையாட்டு என்று எண்ண வேண்டா. அண்மையில் எட்டாம் வகுப்பில் செய்வினை, செயப்பாட்டுவினை நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, தூத்துக்குடியில் கெட்டவர்கள் புகுந்து தீ வைத்ததால்தானே சுட்டார்கள்?" என்று கேட்டான். மே 2018இல் அவன் மழலை பேசும் சிறு பிள்ளை. யாரும் அவனுக்கு அதைக் கற்பிக்கவில்லை. கைப்பேசியில் ஓடும் ஏதோ ஒரு காணொளித் துணுக்குக் கற்பித்திருக்கிறது. ஆட்சி மாறியது, அறிக்கை வந்தது, ஆனால் அந்தத் தொடர் மட்டும் மாறாமல் ஒரு தலைமுறை தாண்டி வந்து என் வகுப்பறையில் அமர்ந்துவிட்டது. 13 உயிரைப் பறித்த பின்னும் பரப்புரை ஓய்வதில்லை. அது மாண்டவர்களின் பெயரையும் பறிக்கிறது.

பெயர் சூட்டும் கடைச்சரக்கு

'சமூக விரோதி' என்னும் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். 'சமூகம்' வடசொல், 'விரோதி' வடசொல். 'தேசத் துரோகி', 'பயங்கரவாதி' ஆகியனவும் அவ்வாறே. மக்களைப் பழிக்க வேண்டும் என்றால் இவர்களுக்கு வடசொல்தான் வாய்க்கிறது! ஏனென்று எண்ணிப் பாருங்கள். 'கொலைஞன்' என்றால் எவனைக் கொன்றான் என்று கேட்போம். 'திருடன்' என்றால் எதைத் திருடினான் என்று கேட்போம். தமிழ்ச்சொல் தன் வேரைக் காட்டிக்கொண்டு நிற்பதால் வினா உடனே பிறக்கிறது. 'சமூக விரோதி' என்றால் அப்படி எந்த வினாவும் எழுவதில்லை. ஓர் அச்சம் மட்டும் எழுகிறது. அதையே நல்ல தமிழில் 'மக்கட்பகைவன்' என்று சொல்லிப் பாருங்கள். 'எந்த மக்களுக்கு அவன் பகைவன்? நூறு நாள் அவனோடு அமர்ந்திருந்த மக்களுக்கா?' என்று குழந்தையும் கேட்டுவிடும். தூய தமிழ் என்பது வெறும் அழகுக்காக அன்று. பொருள் விளக்கத்திற்காக, ஏமாறாமைக்காக என்று நாம் சொல்லிவருவதன் பொருள் இதுதான்.

இச்சரக்கு தூத்துக்குடிக்கு முன்பே விற்கப்பட்டதுதான். 2017 சனவரியில் ஏறுதழுவல் உரிமைக்காகச் சென்னைக் கடற்கரையிலும் தமிழ்நாட்டு ஊர்கள் பலவற்றிலும் இளைஞர் திரண்டனர். முகநூலும் புலனமும் அவர்களைத் திரட்டின. உலகமே வியக்கும் ஒழுங்கோடு ஒரு கிழமை அமர்ந்திருந்தனர். சனவரி 23ஆம் நாள் காவலர் அவர்களை அடித்து விரட்டினர். நான்கு நாள் கழித்துச் சட்டமன்றத்தில் அன்றைய முதலமைச்சர் பன்னீர்செல்வம், கூட்டத்தில் சிலர் ஒசாமா பின்லாடனின் படத்தை வைத்திருந்தனர் என்றும், தனித்தமிழ்நாடு கேட்டனர் என்றும் கூறினார். பல இலக்கம் பேர் கூடிய கூட்டத்தில் ஒரு படமும் ஒரு முழக்கமும் பொறுக்கியெடுக்கப்பட்டன. இலக்கக்கணக்கானோர் அவற்றுக்குள் அடைக்கப்பட்டனர். ஆனால் அந்நாளில் மக்கள் கையிலும் கருவி இருந்தது. சீருடையணிந்தோரே ஊர்திக்குத் தீ வைக்கும் காணொளிகளை உலகம் கண்டது. அரசின் தொடரில் விடுபட்ட எழுவாயை மக்களின் படம் எடுத்துக் காட்டியது.

இருளும் அதன்பின் வந்த குரலும்

மக்கள் படம் காட்டிவிட்டனர் என்பதால்தான் அடுத்த ஆண்டு அரசு இணையத்தின்மீது கைவைத்தது. 2018 மே 23ஆம் நாள் தூத்துக்குடி, நெல்லை, குமரி ஆகிய மூன்று மாவட்டங்களிலும் 27ஆம் நாள்வரை இணையத்தை நிறுத்த உள்துறை ஆணையிட்டது. குமுக ஊடகங்களில் மக்களைத் தூண்டும் செய்திகள் பரவுகின்றன என்பதே அதற்குச் சொன்ன கரணியம். எந்தச் சட்டத்தின்கீழ்? வெள்ளையன் 1885இல் இயற்றிய தந்திச் சட்டத்தின்கீழ்! தந்தி அனுப்பும் வழக்கமே 2013இல் நின்றுபோயிற்று. தந்தியை அறுக்கும் சட்டம் மட்டும் உயிரோடிருந்தது. குண்டடிபட்டவன் மருத்துவமனையில் கிடக்கிறான். அவன் உற்றாருக்குச் செய்தி போகவில்லை. ஊர் வாய் அடைபட்டது. அந்நாள்களில் தொலைக்காட்சியில் பேசியவர் யார்? அமைச்சர் பேசினார், அலுவலர் பேசினார். களத்திலிருந்தவன் மட்டும் பேச முடியவில்லை.

பொய்ச்செய்தி பரவுவதைத் தடுக்கவே இதைச் செய்கிறோம் என்கின்றனர். பொய்ச்செய்தி பரவுவது மெய்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பொய்க்கு மருந்து மெய்யே அன்றி இருள் அன்று. விளக்கை அணைத்துவிட்டுத் திருடனைத் தேடுகிறேன் என்பவனை ஊர் நம்புமா? இணையத்தை அறுக்கும் ஆணைகளை மக்கள் அறிய வெளியிட வேண்டும், காலவரையின்றி நிறுத்துதல் கூடாது, தேவையின் அளவை மீறக் கூடாது என்று உச்சநயன்மன்றமே 2020 சனவரி 10ஆம் நாள் காசுமீர வழக்கில் கூறியது. இளைஞர்களே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நாளை நம் ஊரில் இணையம் நின்றால், 'ஆணையைக் காட்டு' என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

தூத்துக்குடியில் மாநில அரசு செய்ததைத் தில்லியில் நடுவணரசு பெருமளவில் செய்தது. மூன்று வேளாண் சட்டங்களை எதிர்த்து உழவர் 2020 நவம்பர் முதல் தில்லி எல்லையில் அமர்ந்தனர். அவர்களுக்கும் பெயர் சூட்டினர்: 'காலிசுத்தானியர்' என்றனர். தலைமையமைச்சர் மோடி 2021 பிப்பிரவரி 8ஆம் நாள் மாநிலங்களவையில், போராட்டத்தையே பிழைப்பாகக் கொண்டவர் என்னும் பொருளில் 'ஆந்தோலன்சீவி' என்றொரு புதுச்சொல்லையே படைத்தார். போராட்டக் களங்களில் இணையத்தை அறுத்தனர். பிப்பிரவரி முதல் நாள் கீச்சகத்தில் ஏறத்தாழ 250 பக்கங்கள் அரசின் ஆணைப்படி சில மணிநேரம் மறைக்கப்பட்டன. உழவர் அமைப்பின் பக்கமும் ஓர் ஆங்கில இதழின் பக்கமும் அவற்றுள் அடங்கும். மறுநாள் அயல்நாட்டுப் பாடகி ஒருவர் உழவரைப்பற்றி ஏன் பேசாமலிருக்கிறோம் என்று ஒரு வரி எழுதினார். உடனே இந்திய வெளியுறவுத் துறையே அறிக்கை விட்டது. அதைத் தொடர்ந்து திரை நடிகரும் விளையாட்டு வீரரும் வரிசையாக எழுதினர். துறை தந்த அதே முழக்கச் சொற்களை எழுதினர். சிலர் எழுத்து மாறாமல் ஒரே தொடரை எழுதினர். பத்து மாணவர் விடைத்தாளில் ஒரே பிழை ஒரே இடத்தில் வந்தால் ஆசிரியன் என்ன முடிவு செய்வான்? அதே முடிவை நாமும் செய்யலாம்.

இதற்கும் மேல், அரசைப்பற்றிய செய்தி மெய்யா பொய்யா என்பதை அரசே முடிவு செய்யும் குழுவை அமைக்க 2023 ஏப்பிரலில் நடுவணரசு விதியைத் திருத்தியது. தன் வழக்கில் தானே தீர்ப்பாளன்! மும்பை உயர்நயன்மன்றம் 2024 செப்டம்பரில் அதைச் செல்லாது என்றது. நம் மாநில அரசும் 2023இல் செய்தி சரிபார்க்கும் பிரிவொன்றை அமைத்தது. ஆள்வோர் தமிழ் பேசுவோர் என்பதற்காக இதில் நாம் கண்ணயரக் கூடாது. தூத்துக்குடியில் சுட ஆணையிட்ட நாவும் தமிழ் பேசிய நாவே!

வென்றது எது?

இனி, முடிவு என்னவாயிற்று என்று பாருங்கள். துமுக்கிச்சூடு நடந்து ஆறாம் நாளாகிய 2018 மே 28இல் அரசே ஆலையை மூட ஆணையிட்டது. ஆலையார் வழக்காடினர். சென்னை உயர்நயன்மன்றம் 2020 ஆகத்து 18ஆம் நாள் மூடியது சரியே என்றது. உச்சநயன்மன்றம் 2024 பிப்பிரவரி 29ஆம் நாள் அதையே உறுதி செய்தது. 'சமூக விரோதிகள்' கேட்டது எதுவோ அதையே இரு மன்றங்களும் சரி என்றன! தில்லி உழவர் எதிர்த்த மூன்று சட்டங்களையும் 2021ஆம் ஆண்டிலேயே திரும்பப் பெற்றனர். ஏறுதழுவலுக்கு இசைவு தரும் தமிழ்நாட்டுச் சட்டம் செல்லும் என்று 2023 மே 18ஆம் நாள் உச்சநயன்மன்றம் தீர்த்தது.

தூத்துக்குடி நிகழ்வை ஆராய்ந்த ஓய்வுபெற்ற தீர்ப்பாளர் அருணா செகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபர் 18ஆம் நாள் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. தூண்டுதல் ஏதுமின்றியே காவலர் சுட்டனர் என்றும், மறைவிடத்திலிருந்து, ஓடுகின்ற மக்களைச் சுட்டனர் என்றும் அது கூறியது. தொலைக்காட்சி பார்த்தே அறிந்தேன் என்று முதலமைச்சர் சொன்னது மெய்யன்று. உயர் அலுவலர் அவருக்கு அவ்வப்போது செய்தி தந்தவண்ணம் இருந்தனர் என்றும் கூறியது. காவல்துறையினர் பதினெழுவர்மீது நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது. புகழ்பெற்றோர் இத்தகைய நிகழ்வுகளில் மெய்யறிந்து அடக்கத்தோடு பேச வேண்டும் என்றும் அறிவுறுத்தியது.

அஃதாவது, நான்கு ஆண்டுக்குப் பின் அந்தத் தொடருக்கு எழுவாய் கிடைத்துவிட்டது. ஆனால் பரிந்துரை வேறு, ஒறுத்தல் வேறு. எழுவாய் கிடைத்த தொடருக்கு இனிப் பயனிலை வேண்டும். 13 குடும்பங்களும் காத்திருப்பது அந்தப் பயனிலைக்காகவே.

நம் கடமை

உடன்பிறப்புகளே! அரசைக் கடிந்துகொண்டு கைதட்டிக் கலைவதற்கு நாம் இங்குக் கூடவில்லை. நாம் செய்ய வேண்டியது என்ன?

ஒன்று: எந்தச் செய்தியைப் படித்தாலும் எழுவாயைத் தேடுங்கள். 'நடத்தப்பட்டது', 'கலைக்கப்பட்டனர்', 'உயிரிழந்தனர்' என்று வந்தால் 'யாரால்?' என்று கேளுங்கள். நீங்கள் எழுதும்போதும் செய்வினையிலேயே எழுதுங்கள்.

இரண்டு: மாற்றான் சூட்டிய பெயரை நம் வாயால் சொல்லாதீர்கள். அவர்கள் குமரெட்டியாபுரத்து மக்கள். அவர்கள் தூத்துக்குடி மீனவர். அவர்கள் பஞ்சாபு உழவர். தொழிலும் ஊரும் சொல்லி அழைத்தால் பழி ஒட்டாது.

மூன்று: பதிவு செய்யுங்கள். படம் எடுத்தால் நாள், நேரம், இடம் மூன்றையும் சேர்த்து வையுங்கள். மூலப்படத்தை அழிக்காதீர்கள். இணையம் அறுபட்டாலும் படம் கருவியில் இருக்கும். அறுபட்ட இணையம் ஒருநாள் திரும்பும். தாளிலும் எழுதி வையுங்கள். ஈழத்தை நினைத்துப் பாருங்கள். 2009இல் போர்க்களத்திற்குத் தனியுரிமை இதழாளர் எவரையும் விடாமல், குடிமக்கள் ஒருவரும் கொல்லப்படாதவாறு போர் நடத்துகிறோம் என்றது சிங்கள அரசு. 2011இல் ஐக்கிய நாடுகள் அவையின் வல்லுநர் குழு, 40,000 குடிமக்கள்வரை மாண்டிருக்கக்கூடும் என்று எழுதியது. அந்தக் களத்தில் படமெடுத்துப் போற்றிக் காத்தோர் இல்லையேல், அந்தக் குழுவின் கைக்கு என்ன சான்று எட்டியிருக்கும்?

நான்கு: இது கசப்பான மருந்து, ஆயினும் உண்ண வேண்டும். நம் பக்கத்திலும் பொய் உலவுகிறது. எங்கோ, எப்போதோ நடந்த கொடுமையின் படத்தை நம் ஊரில் நேற்று நடந்ததாகப் புலனத்தில் அனுப்புவோர் நம்முள் உள்ளனர். உணர்வு மிகுதியால் செய்கின்றனர். நம் இனத்துக்குத்தான் செய்கின்றனர் என்கின்றனர். இல்லை! ஒரு பொய்ப்படம் நூறு மெய்ப்படங்களைக் கொன்றுவிடும். 'பாருங்கள், இவர்கள் காட்டுவதெல்லாம் இப்படித்தான்' என்று சொல்ல அரசுக்கு அந்த ஒன்று போதும். ஒற்றர் கொண்டுவரும் செய்தியையும் அரசன் எப்படித் தெளிய வேண்டும் என்று திருவள்ளுவர் ஒற்றாடல் அதிகாரத்தில் கூறியிருக்கிறார்: ஒருவர் அறியாமல் ஒருவராக மூவர் தந்த செய்தி ஒத்திருந்தாலன்றி நம்பக் கூடாது. அரசனுக்கு அவர் சொன்ன நெறியைக் குடிமக்களாகிய நாம் கைக்கொள்வோம். தொடர்பில்லாத மூன்று வழிகளில் உறுதியாகாத செய்தியை ஒருவருக்கும் அனுப்ப வேண்டா. பொறுத்திருந்து அனுப்புவதால் போராட்டம் தோற்காது. பொய்யை அனுப்பினால் தோற்கும்.

ஐந்து: ஆசிரியப் பெருமக்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு சொல். அந்த மாணவனுக்கு நான் விடை சொல்லவில்லை. கரும்பலகையில் இரண்டு தொடர்களையும் எழுதி, எழுவாயைக் கோடிடச் சொன்னேன். ஒன்றில் கோடிட்டான். மற்றொன்றில் கோடிட ஒன்றுமில்லாமல் சாக்குக்கட்டியோடு நின்றான். பிறகு அவனே, "சுட்டவங்க பேரு இல்லையே, ஐயா" என்றான். அவ்வளவுதான், இலக்கணம் தன் வேலையைச் செய்துவிட்டது. பிள்ளைகளுக்கு நம் முடிவுகளை ஊட்ட வேண்டா, கேட்கக் கற்றுக்கொடுங்கள். ஊட்டிய முடிவை இன்னொருவன் மாற்றிவிடுவான். கேட்கக் கற்றவனை எந்தப் பரப்புரையும் மாற்றாது.

அரசுகள் வரும், போகும். கருவிகள் மாறும். மதில் போய் வானொலி வந்தது. வானொலி போய்க் கைப்பேசி வந்தது. நாளை வேறொன்று வரும். ஆனால் மக்களைப் பார்த்துப் பேசும் எவனும் சொற்றொடரில்தான் பேசியாக வேண்டும். சொற்றொடரின் நாடி நம் கையில் இருக்கும்வரை நம்மை எவரும் ஏமாற்ற இயலாது. தமிழைப் பிழையறக் கற்போம்! சொல்லை ஆய்ந்து கொள்வோம்! மெய்யைப் பதிந்து வைப்போம்!

வாழ்க தமிழ்! வெல்க தமிழினம்! ஓங்குக மக்கள் உரிமை!